பிறர் காணிக்கையில் வாழ்பவர் கொடுக்கும் காணிக்கை

கேள்வி: நான் திருநெல்வேலிப் பக்கத்துத் திருச்சபைச் சேகரம் ஒன்றைச் சேர்ந்தவன். குஜராத் டாங்ஸ் மாவட்டத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நான்காவது வருடமாக மிஷனெரியாக இருக்கிறேன். என்னை அனுப்பிய மிஷனெரி சங்கம் மாதம் 18,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அதுவே ஊரில் பலர் கஷ்டப்பட்டுப் போட்ட காணிக்கை. அதிலிருந்து நான் தசமபாகம் (பத்தில் ஒன்று) எடுக்க வேண்டுமா? எடுத்தால் எங்கே கொடுப்பது? ஊரில் அம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. சின்ன மகன் டெங்குவில் படுத்திருந்தபோது, பிழைத்தால் 25,000 ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினேன். பிழைத்தான், ஒரு ரூபாய்கூட இன்னும் கொடுக்கவில்லை. பயணப்படியில் மிச்சமாகும் பணத்தை அதற்கு எடுக்கலாமா என்று மனைவி கேட்கிறாள். இங்குள்ள விசுவாசிகள் நாக்லி (கேழ்வரகு) மாவு, உளுந்து, கோழி என்று கொண்டுவந்து தருகிறார்கள். அவர்களே இல்லாதவர்கள், வாங்கக் கூசுகிறது. அவர்களிடம் காணிக்கையைப் பற்றிப் பேசவும் வாய் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமா ஊழியத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். என் கணக்கிலேயே வாங்கலாமா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு ஸ்தோத்திரம்.

ஒரே கடிதத்தில் ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆறுக்கும் அடியில் ஒரே கூச்சம்தான் இருக்கிறது: ‘நான் வாங்குகிறவன், எனக்குக் கொடுக்க என்ன இருக்கிறது?’ இந்தக் கேள்விக்கு மோசேயின் காலத்திலேயே பதில் சொல்லியாகிவிட்டது. எண்ணாகமம் 18ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை மனைவியோடு உட்கார்ந்து வாசியுங்கள். தேவபணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரமாகிய லேவியருக்குச் சொந்த நிலம் கிடையாது. மற்றக் கோத்திரங்கள் கொடுத்த தசமபாகமே அவர்கள் சாப்பாடு. அப்படியிருந்தும், வாங்கிய பத்தில் ஒன்றிலிருந்து இன்னொரு பத்தில் ஒன்றை அவர்கள் எடுத்து ஆசாரியனாகிய ஆரோனுக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. அது அவர்களே களத்தில் அடித்த தானியம்போல எண்ணப்படும். மிச்சத்தைக் குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். அது அவர்கள் செய்யும் வேலைக்குக் கிடைத்த கூலி, அதனால் அவர்கள்மேல் பாவம் சுமராது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

இதில் இரண்டு பக்கமும் உங்களுக்கு வேண்டும். உதவித்தொகை உங்கள் கைக்கு வந்தபின் அது உங்கள் வருமானம். அதிலிருந்து கொடுப்பது உங்கள் காணிக்கைதான், ஊராருடையதல்ல. அதேபோல, கொடுத்தது போக மீதியைக் குற்ற உணர்வில்லாமல் சாப்பிடலாம். இந்த இரண்டாவது பாதியைப் பணித்தளத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குச் செருப்பு வாங்கினால்கூட ‘விதவையின் காசு’ என்று மனம் குத்துகிறது. அந்தக் குத்தலைத் தணிக்கத் திடீரென்று பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் பெட்டிக்கடையில் கடன் சொல்கிறார்கள்.

முதலில், எந்தப் பணம் உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 18,000 உங்களுடையது. கிறிஸ்துமஸுக்கு யாராவது ‘உங்களுக்கு’ என்று தந்த அன்பளிப்பும் உங்களுடையது. சங்கம் கட்டும் வீட்டு வாடகை, பிள்ளைகளின் விடுதிக் கட்டணம், மருத்துவச் செலவுக்குத் திரும்பத் தரும் தொகை, கைப்பிரதி வாங்கத் தந்த பணம், பயணப்படி ஆகியவை உங்களுடையவை அல்ல. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வேலைக்காக உங்களிடம் ஒப்படைத்த பணம். வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்தம் இருந்தால், கைக்கு வரும் தொகையில் மட்டும் பத்தில் ஒன்று எடுத்தால் போதும். வைப்புநிதி கைக்கு வருகிற நாளில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உதவித்தொகை கொடுக்கும்போதே தசமபாகத்தைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் சங்கத்தில் உண்டா என்று கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கழிக்கிறார்கள் என்றால் பயத்தில் இரண்டாம் தடவை எடுக்க வேண்டாம்.

பயணப்படி மிச்சத்தைப் பற்றி உங்கள் மனைவி கேட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் பதில், கூடாது என்பதே. ஒரு மாதம் 3,000 வாங்கி 2,200 செலவானால், மீதி 800ஐ வவுச்சரோடு திருப்பிக் கட்டுங்கள்; சங்கம் அனுமதித்தால் ‘முன்மாத இருப்பு’ என்று எழுதி அடுத்த மாதக் கணக்கில் சேருங்கள். அதைக் காணிக்கைப் பையில் போட்டால், பணம் தந்து ஊழியத்தைத் தாங்குவோர் ஒரு காரியத்துக்குக் கொடுத்ததை நீங்கள் உங்கள் பெயரில் கர்த்தருக்குக் கொடுக்கிறீர்கள். எபூசியனாகிய அர்வனா களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றபோது தாவீது மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினான். செலவில்லாமல் கிடைத்ததைப் பலியிட அவனுக்கு மனமில்லை.

பத்தில் ஒன்று புதிய ஏற்பாட்டு விசுவாசிக்குக் கட்டாயமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சபைக்குச் சபை போதனை வேறுபடும். நடைமுறைக்காகவே ஒரு நிலையான விகிதத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சின்ன வருமானத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ‘இன்று எவ்வளவு?’ என்று யோசித்தால், ஒன்று கை இறுகும், இல்லையென்றால் மனம் பதறி அதிகமாகப் போய்விடும். உதவித்தொகை வங்கியில் ஏறும் அன்றே 1,800ஐத் தனிக் கவரில் வையுங்கள். பவுல் கொரிந்து சபைக்குச் சொன்னதும் இதே முறைதான்: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி, முன்கூட்டியே எடுத்து வைப்பது. இப்போது 1,800 முடியாது என்றால் 900 என்று ஆறு மாதத்துக்குத் தீர்மானித்துக் கொடுங்கள். மூன்று மாதம் 1,800 கொடுத்துவிட்டு நான்காம் மாதம் நிறுத்துவதைவிட அது நல்லது.

எங்கே கொடுப்பது என்பதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஆராதிக்கிற இடத்தில் கொடு’ என்பது ஊரில் சரியான விதி. பணித்தளத்தில் அதை அப்படியே செய்தால் கெடுதல். உங்கள் கிராமச் சபையில் 12 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை 200 ரூபாய் வருகிறது. நீங்கள் வாரம் 450 போட்டால் கணக்கில் 650 தெரியும். சபை தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று அறிக்கையும் போகும். இரண்டு வருடம் கழித்து உங்களை வேறு தளத்துக்கு மாற்றியதும் காணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழும். அடுத்து வரும் மிஷனெரியின்மேல் பழி. சபையாரும் ‘அவர் இருந்தால் எல்லாம் நடந்தது’ என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். மிஷனெரியின் தாராளத்தால் சபை ஏழையாவது இப்படித்தான்.

ஆகவே அங்கே நடுத்தரக் குடும்பம் ஒன்று போடுகிற அளவே போடுங்கள். 20 ரூபாய் என்றால் 20. பிள்ளைகள் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். மாதம் 80, 100 ஆகும். மீதி 1,700ஐ மூன்றாகப் பிரிக்கலாம். ஊரிலுள்ள தாய்ச்சபையில் உங்கள் அங்கத்தினர் சந்தாவான சங்கக் காணிக்கைக்கு 500: அந்தச் சபையின் அங்கத்தினராக நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள், பாக்கி வைக்காதீர்கள். உங்களுடையது அல்லாத வேறொரு பணித்தளத்துக்கு 700: உங்கள் சங்கத்தின் பொது நிதி வழியாக, ரசீதோடு. மீதி 500ஐக் கையில் வைத்து, கிராமத்தில் கண்ணெதிரே வரும் அவசரத்துக்குக் கொடுங்கள். ஆஹ்வா அரசு மருத்துவமனைக்கு ஒரு நோயாளியை ஏற்றிப்போக, பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நோட்டு வாங்க என்று அது போகும். இந்தப் பிரிப்பு வேதவாக்கு அல்ல, உங்கள் வீட்டு நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பங்காவது உங்கள் ஊழியத்துக்கு வெளியே போகட்டும். எல்லாமே சொந்தத் தளத்துக்குள் சுற்றினால், நம் பையிலிருந்து எடுத்து நம் வேலைக்கே போட்டுக்கொள்வதாகிவிடும்.

அம்மாவின் மருந்துச் செலவு தசமபாகத்தோடு போட்டியிடும் காரியமே அல்ல. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7இல் இருக்கிறது. மருந்துக்கு மாதம் 1,500 ஆகிறது என்றால் அரிசி, பால், பள்ளிச் செலவு இருக்கும் பட்டியலிலேயே அதையும் எழுதுங்கள். தசமபாகக் கவரிலிருந்து மருந்து வாங்கவும் வேண்டாம், தசமபாகம் கொடுத்துவிட்டேன் என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம். கூடப்பிறந்தவர்கள் ஊரில் இருந்தால் யார் எவ்வளவு என்று பேசி முடிவுசெய்யுங்கள். ‘ஊழியத்துக்குப் போய்விட்டான், அவனிடம் எப்படிக் கேட்பது’ என்று அண்ணன் தம்பிகள் மரியாதைக்கு ஒதுங்குவதும் பிறகு மனக்கசப்பாவதும் நம் குடும்பங்களில் சாதாரணம்.

இனி பொருத்தனை. இதுதான் உங்களை அதிகம் அரிப்பது என்று கடிதத்தில் தெரிகிறது.

பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று உபாகமம் 23 சொல்வது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். லேவியராகமம் 27இன் 8ஆம் வசனத்தை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்களைப் பொருத்தனை பண்ணுகிறவர்களுக்கு அங்கே வயதுவாரியாக மதிப்பு குறித்திருக்கிறது. 20 முதல் 60 வயதுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30, இப்படி. அந்த மதிப்பைச் செலுத்த முடியாத தரித்திரன் ஆசாரியனுக்கு முன் வந்து நிற்கவேண்டும். பொருத்தனை பண்ணினவனுடைய திராணிக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பைக் குறைத்துக் குறிப்பான். ஆக, பயத்திலும் கண்ணீரிலும் தன் திராணிக்கு மிஞ்சிப் பேசிவிட்டவனுக்கு நியாயப்பிரமாணத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழி தானாகத் தள்ளுபடி செய்துகொள்வதல்ல. இன்னொருவர் முன் போய்ச் சொல்லி, ஒரு தொகையை ஒப்புக்கொள்வது.

நீங்களும் மனைவியும் உங்கள் சேகரகுருவிடமோ சங்கத்தின் பகுதிப் பொறுப்பாளரிடமோ உட்கார்ந்து, வரவுசெலவை எழுதிக் காட்டிப் பேசுங்கள். மாதம் 500 என்று முடிவானால் 25,000 தீர 50 மாதம், அதாவது நாலு வருடமும் இரண்டு மாதமும். நீளமாகத் தெரிந்தாலும் உங்கள் வருமானத்தில் அது நடக்கக்கூடியது. தொகையையே குறைக்கலாம் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். நகையை அடகு வைத்துப் பொருத்தனை செலுத்தினால் வட்டியைப் பிள்ளைகளின் தட்டிலிருந்துதான் எடுக்கப் போகிறீர்கள். தசமபாகத்தைப் பொருத்தனைக்கு ஈடுகட்டவும் வேண்டாம், இரண்டும் வேறு. ‘பொருத்தனை பாக்கி இருப்பதால்தான் பெரியவனுக்கும் காய்ச்சல் வந்தது’ என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். மகன் பிழைத்ததற்கு நீங்கள் கட்டும் விலை அல்ல இது. அப்படி நினைத்தால் 25,000 என்ன, 25 லட்சமும் காணாது. சுகமான பத்துப் பேரில் திரும்பி வந்த அந்தச் சமாரியன் கையில் எதுவும் கொண்டுவந்ததாக லூக்கா எழுதவில்லை.

பணத்துக்காகக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. லேவியராகமம் 7இல் ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஒரு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்றுமுடிக்க முடியாது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். நம்முடைய ஸ்தோத்திரப் பண்டிகை அசனத்தின் (பொது விருந்தின்) வேர் இதில் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். மகன் பிழைத்த நாளை நினைத்து, கிராமத்தில் உங்களுக்கு அந்தச் சமயத்தில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், ராத்திரி வண்டி பிடித்துத் தந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறும் உளுந்தம்பருப்பும் போடுங்கள். 30 பேருக்கு 4 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ உளுந்து, எண்ணெய் மசாலா எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்குள் முடியும். சாட்சி சொல்லவேண்டும் என்றால் இரண்டு நிமிடம், சாப்பாட்டுக்கு முன். அதற்குமேல் அதைக் கூட்டமாக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விசுவாசிகள் கொண்டுவருவதை வாங்குங்கள். நீங்கள் வாங்காவிட்டால், ‘எங்கள் வீட்டுப் பொருள் இவருக்கு ஆகாது’ என்றே அவர்களுக்குப் படும். பவுல் கொரிந்தியரிடம் வாங்க மறுத்தார், பிலிப்பியரிடம் வாங்கினார். கொரிந்தில் பணம் வாங்கும் போதகர்கள்மேல் சந்தேகம் மண்டியிருந்தது. பிலிப்பி சபை ஆரம்பம் முதல் அவரோடு பங்காளியாக நின்றது. உங்களிடம் வருகிறவர்கள் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும். சமைத்ததையும் விளைந்ததையும் வாங்கலாம். கையில் ரொக்கம் தந்தால் வாங்காமல், சபைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு முட்டைக்கோழி இருக்கிற வீட்டிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு வந்தால், ‘இது முட்டை போடட்டும், இந்த வாரம் நாலு முட்டை தாருங்கள்’ என்று கேட்டு வாங்கலாம். அறுத்தேவிட்டார்கள் என்றால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வாங்கிய மறுநாளே இரண்டு கிலோ சர்க்கரையோடு போய் நிற்காதீர்கள். நாம் மரியாதை என்று நினைப்பது அவர்களுக்குக் கணக்குத் தீர்ப்பதாகப் படும்; அதுவும் அவர்கள் தந்ததைவிட அதிகமாக. அடுத்த முறை ஐந்து பேர் கோழியோடு வருவார்கள், அல்லது யாருமே வரமாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யவேண்டியது காய்ச்சலில், சாவில், மழையில் கூரை பிய்ந்த அன்று தானாக வரும்.

அவர்களிடம் காணிக்கையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை என்கிறீர்கள். ஏழைகளிடம் கேட்பது அநியாயம் என்ற எண்ணம் இரக்கம்போலத் தோன்றினாலும், கர்த்தருக்குக் கொடுக்கும் சந்தோஷம் நமக்கு உண்டு, அவர்களுக்கு வேண்டாம் என்று தீர்மானிக்க நாம் யார்? 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியரின் பணத்தால், இந்தியரின் நிர்வாகத்தில் என்பதே அதன் பிடிவாதம். அதை முன்னின்று தொடங்கிய அசரியா பின்பு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலின் அத்தியட்சரானார் (பிஷப்). அங்கே சபையாரில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். அவர்களும் கொடுக்கவேண்டும் என்று அவர் விடாமல் போதித்தார். காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

ஆனால் டாங்ஸில் எப்போது, எதில் கேட்பது என்று தெரிந்து கேட்கவேண்டும். அந்த மக்களின் வருடம் நம் மாதச் சம்பள வருடம் அல்ல. ஜூனில் மழை, நாக்லி, நெல், உளுந்து எல்லாம் மானாவாரி, அக்டோபர், நவம்பரில் அறுவடை. தீபாவளி முடிந்ததும் பாதிக் கிராமம் கரும்பு வெட்ட பார்டோலி, சூரத் பக்கம் போய்விடும். ‘கோய்தா’ என்று புருஷனும் மனைவியுமாக ஒரு ஜோடி. முகாதம் (ஆள்சேர்க்கும் மேஸ்திரி) தரும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணக்குத் தீர்ந்து மிச்சம் ஏதாவது வந்தால் அது கோடைக்காலத்தில். புறப்படும்போது அவர்கள் கையில் ரொக்கம் இருப்பதைப் பார்த்து ‘ஸ்தோத்திரக் காணிக்கை போடுங்கள்’ என்று கேட்பது பெரிய தவறு. அது வருமானமல்ல, கடன். அதிலிருந்து கொடுத்தால் வெட்டுகிற கரும்பில்தான் அடைக்கவேண்டும். அந்தச் சமயத்தில் அவர்களுக்காக ஜெபித்து அனுப்புங்கள், அது போதும்.

முதற்பலனை அறுவடையில் வையுங்கள். களத்திலிருந்து முதல் கூடை நாக்லி. உபாகமம் 26இல் கூடையைக் கொண்டுவருகிறவன் தன் முன்னோரின் கதையைச் சொல்லி, பிறகு லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படவேண்டும் என்று இருக்கிறது. கூடை, கதை, சாப்பாடு மூன்றும் இருக்கட்டும். நம் ஊர் ஏலத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். ஒரு தேங்காயை 2,000 ரூபாய்க்கு ஏலம் எடுத்து மைக்கில் பெயர் சொல்லவைப்பதும், காணிக்கைப் பட்டியலைத் தொகையோடு வாசிப்பதும் நமக்குப் பழகிப்போனவை. முதல் தலைமுறை விசுவாசிகள் அதைப் பார்த்தால், கொடுப்பது என்றால் இதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வருடம் முழுக்க நடக்கப் பிடியரிசி நல்ல முறை. மிசோரமில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே சபைகளின் மிஷனெரி வேலைக்கே அது பெரிய ஆதாரம். உலையில் போட எடுக்கும் அரிசியிலிருந்து ஒரு பிடி தனிப்பானையில். சராசரிப் பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளைக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ. 12 குடும்பம் என்றால் 36 கிலோ. கரும்பு வெட்டுக் காலத்தில் நாலு குடும்பம் மட்டும் ஊரில் இருந்தால் 12 கிலோதான் வரும். அதைப் பின்வாங்குதல் என்று பிரசங்கத்தில் சாடாதீர்கள்.

இதில் கெடுகிற இடங்கள் சில உண்டு. அரிசியையும் நாக்லியையும் ஒரே சாக்கில் கொட்டினால் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். இரண்டு பாத்திரம் வேண்டும். நாக்லி நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் நிற்கும், அரிசி மழைக்காலத்தில் வண்டு பிடிக்கும்; ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விற்றுவிடுங்கள். எல்லார் முன்னிலையிலும் எடை போடவேண்டும், ஆனால் வீடுவாரியாக அல்ல, மொத்தமாக. வீடுவாரியாக எழுதினால் அடுத்த மாதமே ஒருத்தி கடையில் வாங்கிச் சேர்ப்பாள், இன்னொருத்தி வெட்கப்பட்டு ஆராதனைக்கு வரமாட்டாள். வாரச்சந்தையில் சந்தை விலைக்கு விற்கவேண்டும். பரிதாபப்பட்டு நீங்களே கூடுதல் விலைக்கு வாங்குவது, பழைய 450 ரூபாய் தவறு வேறு உருவில் வருவதுதான்.

ரொக்கமோ தானியமோ, நீங்கள் தொடாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டார். ஆராதனை முடிந்ததும், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், கூட்டம் கலையுமுன் எண்ணட்டும். 100 எத்தனை, 50 எத்தனை, 10 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், எட்டாவது படிக்கும் பிள்ளையை எழுதவையுங்கள். பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கு வழியாக ஒருநாளும் போகவேண்டாம். மாதம் ஒருமுறை மொத்த வரவும் செலவும் சபையில் வாசிக்கப்படட்டும். வந்ததில் பத்தில் ஒன்றை முதல் மாதத்திலிருந்தே வேறு கிராமத்துக்கு அனுப்பப் பழக்குங்கள். 80 ரூபாயாக இருந்தாலும் சரி. ஜன்னல் மாட்டவேண்டும், பாய் வாங்கவேண்டும் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பழக்கம் பிறகு வராது.

விருந்தைக் கூட்டமாக்க வேண்டாம் என்றேனே, அதன் காரணம் சட்டம். ஆசைகாட்டி மதம் மாற்றுவதைத் தடுக்கும் குஜராத் மதச் சுதந்திரச் சட்டம் 2003இல் வந்தது, 2021இல் திருத்தப்பட்டது. பணமாகவோ பொருளாகவோ தரும் அன்பளிப்பும் ‘ஆசைகாட்டுதல்’ என்ற வரையறைக்குள் வரும். நன்றியோடு நீங்கள் செய்யும் உதவி, ஞானஸ்நான ஆயத்தத்தில் இருக்கும் ஒருவருக்குப் போனால், அது வேறுவிதமாக எழுதப்படும். எனவே போர்வை, நோட்டுப்புத்தகம் போன்றவற்றைப் பள்ளி வழியாகவோ கிராமப் பஞ்சாயத்து அறிய எல்லாருக்குமோ கொடுங்கள். அந்த நாளில் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள். ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்போருக்குத் தனிப்பட்ட எந்த அன்பளிப்பும் வேண்டாம். அவசர மருத்துவ உதவிக்கு மருத்துவமனைச் சீட்டையும் மருந்துப் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

தாங்குவோருக்கு நன்றி சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கர்த்தருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தவிக்கிற மிஷனெரிகள் பலர் மனுஷருக்குப் பதில் கடிதம் எழுதாமல் இருக்கிறார்கள். அன்பளிப்பு வந்து 15 நாளுக்குள் இரண்டு வரி போகவேண்டும். 5,000 அனுப்பியவருக்கும் 50 அனுப்பியவருக்கும் ஒரே நீளம். நன்றிக் கடிதத்தின் கடைசியில் அடுத்த தேவையை ஒட்டாதீர்கள்; தேவை இருந்தால் அடுத்த மாத ஜெபக்குறிப்பில் தனியாக வரட்டும். தலை எண்ணிக்கையைப் பெருக்காதீர்கள். விசுவாசிகளின் முழுப்பெயர், கிராமத்தின் பெயர், பிள்ளைகளின் முகம் தெரியும் படம், இவை எதுவும் வாட்ஸ்அப்பில் போகவேண்டாம். நாலு குழு தாண்டினால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, மாமாவின் பணம். எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைவிட அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முக்கியம். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை பார்த்து, தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அப்படியிருந்தும் ஊழியத்துக்கான பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமல், சங்கத்தின் உள்நாட்டுக் கணக்குக்கு, உங்கள் தளத்தின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் காரியம் வேறு. ஊழியத்துக்கு அவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. பதிவில்லாத தனிமனிதராக நீங்கள் அதை வாங்கக்கூடாது. உங்கள் சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு இருந்தால், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இருக்கும் அதற்கான கணக்குக்கு மட்டுமே அது வரமுடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற வேறொரு நிறுவனம் வாங்கி உங்கள் சங்கத்துக்கு மாற்றித் தருவதும் செல்லாது. ‘சும்மா ஒரு தடவைதானே’ என்று வாங்கினால் சிக்குவது நீங்கள் மட்டுமல்ல, சங்கத்தின் பதிவும்தான். மாமாவிடம் முதலில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைச் சங்கக் கணக்கருக்கு எழுத்தில் அனுப்பி, அவர் எழுத்தில் சொன்னபிறகு வங்கி விவரம் கொடுங்கள்.